ஆறு குடும்பம், ஓர் அடுப்படி, ஐந்தடி நட்சத்திரம்

மூங்கிலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவது எப்படி என்று யாராவது கேட்டால் பத்து வரியில் சொல்லி முடித்துவிடலாம். முப்பத்து நான்கு பேர் கூடியிருக்கும் வீட்டில், பாதிப் பேர் அறிவுரை சொல்ல, கால்வாசிப் பேர் பசைக்குள் கைவிட, அதே நேரத்தில் அடுப்படியில் முந்திரிக்கொத்து பொரிய, மழையும் தூற, அந்த நட்சத்திரத்தைக் கட்டி மேலேற்றுவது எப்படி என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

வீடு மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு சிற்றூரில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. பாட்டா, அதாவது தாத்தா, கட்டிய ஓட்டு வீடு. உடன்பிறந்தவர்கள் ஆறு பேர். ஊரில் இருப்பவர்கள் அண்ணனும் நானும்தான். மற்றவர்கள் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று சிதறிக் கிடக்கிறார்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் குழித்துறை ரயில் நிலையத்தில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் ஒரு பாய் குறையும். அப்பா வழியில் நாங்கள் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. குளச்சலில் கட்டிக்கொடுத்த அக்காள் வீட்டார் கத்தோலிக்கர். ஒரு மைத்துனர் இரட்சணிய சேனை என்ற சபை. ஆகவே எந்த நேரத்திலும் யாரோ ஒருவர் ஆலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார், இன்னொருவர் திரும்பி வந்து காபி கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட கூட்டத்தை வைத்து வேலை வாங்க எனக்கு ஒரே ஒரு விதி உண்டு. பாதியில் விட்டுவிட்டுப் போனாலும் கெடாத வேலையைக் கூட்டத்திடம் கொடு. இடையில் நின்றால் பாழாகும் வேலையை ஒருவரிடம் கொடுத்துக் கதவைச் சாத்து. கீழே வருவது எல்லாம் இந்த விதிக்கு உட்பட்டது. முந்திரிக்கொத்து மட்டும் விதிவிலக்கு.

மூங்கில்

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் அந்த நாளில்தான் மூங்கில் வெட்டுவோம். கமுகு வாரியிலும் கட்டலாம், அது எளிதில் கிடைக்கும். ஆனால் வளைத்தால் முறியும். நாம் கட்டப்போகும் நட்சத்திரம் நடுவில் உப்பியிருக்க வேண்டும், அதற்கு வளைந்துகொடுக்கும் மூங்கிலே நல்லது. பெருவிரல் அகலத்துக்குப் பத்தைகளாகப் பிளந்து, உட்புறச் சதையைச் சீவி எடுத்துவிட வேண்டும். தோல் பக்கம்தான் வலு. கணுக்களைக் கத்தியால் வழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தாள் ஒட்டும்போது அங்கேதான் கிழியும்.

ஐந்தடி நீளத்தில், அதாவது 60 அங்குலத்தில், பத்துப் பத்தைகள். ஒவ்வொன்றிலும் இரு முனைகளிலிருந்தும் 23 அங்குலத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். நடுவில் 14 அங்குலம் மிஞ்சும். இந்த 23, 14, 23 என்ற கணக்கைப் போட்டுவிட்டால் நட்சத்திரம் கோணுவதற்கு வழியே இல்லை. ஐந்து கோடுகளால் ஆன நட்சத்திரத்தில் ஒவ்வொரு கோட்டையும் மற்ற இரண்டு கோடுகள் வெட்டும் இடம், எந்த முனையிலிருந்து பார்த்தாலும் மொத்த நீளத்தில் 0.382 பங்கு. எந்த அளவுக்கும் இந்தப் பெருக்கல் பொருந்தும். அண்ணன் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர் கண் மதிப்பில் கட்டுகிறவர். அவர் கட்டிய நட்சத்திரம் ஆலயத்து மணிக்கூண்டில் ஓர் ஆண்டு தொங்கியது. கிழக்கே பார்த்து நின்றால் அழகாகத்தான் இருந்தது.

ஐந்து பத்தைகளைத் தரையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட வேண்டும். ஒவ்வொரு பத்தையும் ஓர் இடத்தில் மேலேயும் அடுத்த இடத்தில் கீழேயும் போகும்படி பின்னிவிட்டால் சட்டம் தானாகவே பூட்டிக்கொள்ளும், கட்டாமல் தூக்கினாலும் கலையாது. கட்டுவதற்குக் கம்பி வேண்டாம். பச்சை மூங்கில் காய்ந்தால் சுருங்கும், கம்பி அப்படியே நிற்கும், ஒரு வாரத்தில் முடிச்சு தொளதொளவென்று ஆகிவிடும். பழைய சைக்கிள் டியூபைக் கால் அங்குலப் பட்டைகளாக வெட்டி இழுத்துக் கட்டுங்கள். மூங்கில் சுருங்கச் சுருங்க ரப்பரும் கூடவே இறுகும். சின்னப் பிள்ளை கட்டினாலும் கை கிழியாது. சித்தப்பா வந்து "இது சரியில்லை" என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டினாலும் சேதமில்லை. எங்கள் வீட்டில் இரண்டாவது காரணமே பெரிது.

இதே போல் இன்னொரு சட்டம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டியபின், உட்புறம் பத்தைகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் ஓரடி நீள முட்டுக்குச்சியை இரண்டு சட்டங்களுக்கும் இடையில் செருக வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை, ஒருவர் விரித்துப் பிடிக்க, ஒருவர் செருக. ஐந்தாவது குச்சி ஏறும்போது மூங்கில் முனகும். அந்தச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். படபடவென்று நார் தெறிக்கும் சத்தம் கேட்டால் குச்சியை ஓர் அங்குலம் குறைத்து வெட்டுங்கள்.

அடுத்தது தாள். முன்பக்கம் ஐந்து முக்கோணமும் ஓர் ஐங்கோணமும், பின்பக்கமும் அப்படியே, பக்கவாட்டில் பத்து ஒடுங்கிய முக்கோணங்கள்: ஆக 22 துண்டுகள். ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் பிள்ளைகளுக்குள் சண்டை வராத எண்ணிக்கை. கண்ணாடித்தாளில் மைதாப் பசை பிடிக்காது. சாதாரண வர்ணத்தாளை ஒட்டி, காய்ந்தபின் அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை டேப்பால் ஒட்டினால் வடகிழக்குப் பருவமழையின் கடைசித் தூறல்களைத் தாங்கும். கீழ் முனைகள் இரண்டிலும் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டுவிடுங்கள். தண்ணீர் எப்படியும் உள்ளே போகும், அது வெளியேறவும் வழி வேண்டும்.

பசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கரப்பானும் எலியும் அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் சிறிது மயில்துத்தம் என்ற நீல உப்பைச் சேர்ப்பது வழக்கம். அது விஷம். கிறிஸ்துமஸ் வீட்டில் அதே நேரத்தில் அடுப்படியில் இன்னொரு மைதா மாவும் கரைந்துகொண்டிருக்கும். ஒருமுறை திண்ணையில் இருந்த பசைச் சட்டியைச் சித்தி தூக்கிக்கொண்டு "மாவு இவ்வளவு தண்ணீராகவா கரைப்பார்கள்?" என்று அரிசி மாவைத் தேடிப் போனார். நல்லவேளை, நிறம் காட்டிக்கொடுத்தது. அதிலிருந்து பசை பெயிண்ட் டப்பாவில்தான், அதுவும் பெரியவர் ஒருவர் பொறுப்பில். பிள்ளைகள் இருக்கும் ஆண்டுகளில் துத்தமே சேர்ப்பதில்லை. எலி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

குடில்

ஏசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலை நான் தொடுவதில்லை, அக்காள் பிள்ளைகளின் ஆட்சி. எனக்குத் தெரிந்த ஒரு நுணுக்கம் மட்டும்: புல்வெளிக்குக் கேழ்வரகை டிசம்பர் 13 வாக்கில் தட்டில் தூவினால் இருபத்து நான்காம் தேதிக்கு மூன்று அங்குலப் பச்சை நிற்கும். பிள்ளைகள் அன்பு மிகுதியால் ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றி விதையை அழுகவைப்பார்கள். மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவைப் பரப்பி, தட்டின் அடியில் ஆணியால் துளைகள் போட்டுவிட்டால் எவ்வளவு ஊற்றினாலும் வடிந்துவிடும். குழந்தை ஏசுவை 24 நள்ளிரவில்தான் வைக்க வேண்டும் என்பது அக்காள் வீட்டு முறை. எங்கள் வீட்டுக் கடைக்குட்டிக்கு அதுவரை பொறுமை கிடையாது. ஆகவே சுரூபம் அம்மாவின் அரிசிப் பானைக்குள் ஒளிந்திருக்கும்.

அடுப்படி

முந்திரிக்கொத்துக்கு எங்கள் வீட்டு அளவு: சிறுபயறு ஒரு கிலோ, கருப்பட்டி முக்கால் கிலோ, தேங்காய் இரண்டு, எள் நூறு கிராம், சுக்கும் ஏலக்காயும் கை அறிந்தபடி. இதை நான்கு மடங்காகப் போடுவோம். பயறு வாசனை வரும்வரை வறுபட வேண்டும், சிவந்துவிடக் கூடாது. ஆறவைத்துத் திருகையிலோ மில்லிலோ உடைத்துத் தோலைப் புடைத்துவிட்டு, ரவை பதத்துக்குத் திரிக்க வேண்டும். மாவாகிவிட்டால் உருண்டை கல்லாகும். துருவிய தேங்காயை ஈரம் போக வறுத்து, எள்ளையும் வறுத்துப் பயற்றோடு கலந்து, கருப்பட்டிப் பாகை வடிகட்டிக் கம்பிப் பதத்தில் மேலே ஊற்றிக் கிளற வேண்டும்.

இங்கேதான் கூட்டம் வேண்டும். பாகு ஊற்றியபின் கலவை சூடாக இருக்கும் அந்தச் சிறிது நேரத்துக்குள் எல்லாவற்றையும் உருட்டிவிட வேண்டும். ஆறினால் உதிரியாகிவிடும், பிறகு என்ன அழுத்தினாலும் பிடிக்காது. இரண்டு பேர் உள்ள வீட்டில் முந்திரிக்கொத்து செய்வது தண்டனை. எங்கள் வீட்டில் அம்மா உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். ஏணியில் நிற்பவன் உட்படக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட வேண்டும். பெரிய பாயில் வட்டமாக உட்கார்ந்து, உள்ளங்கையில் நெய் தொட்டுக்கொண்டு, ஊஊ என்று ஊதிக்கொண்டே உருட்டுவோம். "சூடு தாங்காதவர்கள் எழுந்து போய்ப் பாட்டுப் படியுங்கள்" என்பார் அம்மா. பெங்களூருவில் பெரிய வேலையில் இருக்கும் தம்பிக்கு ஆண்டு முழுவதும் யாரும் ஆணையிட முடியாது, இங்கே உருண்டை பெரிதாகிவிட்டது என்று பெரியம்மை அவன் கையில் தட்டுவார்.

உருண்டைகளை ஓர் இரவு ஆறவிட்டு, மறுநாள் பச்சரிசி மாவும் மைதாவும் மஞ்சள்தூளும் உப்பும் கலந்த மாவில் தோய்த்து, மும்மூன்றாகச் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் விட வேண்டும். மாவு உருண்டையைச் சுற்றிலும் மூடியிருக்க வேண்டும். எங்காவது இடைவெளி இருந்தால் பாகு கசிந்து எண்ணெய் கறுத்துவிடும், அந்த ஈடு முழுவதும் கசப்பு.

அச்சுமுறுக்கு நேர்மாறு. அங்கே ஒருவருக்கு மேல் நின்றால் கெட்டது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கறுப்பு எள். இவற்றைக் கலக்க யாராலும் முடியும். அச்சைக் கையாள மைனி, அதாவது அண்ணன் மனைவி, ஒருவரால்தான் முடியும். அச்சு எண்ணெயிலேயே கிடந்து சூடேற வேண்டும். எடுத்து, எண்ணெயை உதறி, மாவில் முக்கால் உயரம் மட்டுமே முக்க வேண்டும். விளிம்புக்கு மேல் மாவு ஏறினால் அச்சைக் கவ்விக்கொண்டு வராது. ஆறிய அச்சில் மாவே ஒட்டாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சூடு மைனியின் கையில் இருக்கிறது, வெப்பமானியில் இல்லை. புது அச்சு வாங்குகிறவர்கள் கஞ்சித் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, பிறகு எண்ணெயில் ஒருமுறை காய்ச்சி எடுங்கள், பிடிவாதம் குறையும். மைனி அச்சுமுறுக்கு சுடும்போது அடுப்படிக் கதவு சாத்தப்படும். எண்ணெய்க்குப் பக்கத்தில் பிள்ளைகள் வரக்கூடாது என்பது வெளியே சொல்லும் காரணம். உள்ளே மைனிக்கு ஆண்டில் கிடைக்கும் ஒரே தனிமை அதுதான் என்பது என் ஊகம்.

மின்சாரம்

பொதுவாக 22ஆம் தேதி இரவு எல்லாம் ஒன்றுசேரும். இம்முறையும் அப்படியே. ஆலயத்துக் கீதபவனிக் குழு முரசும் கிறிஸ்துமஸ் தாத்தாவுமாக வாசலில் நின்று பாடிக்கொண்டிருந்தது. சின்னம்மை சுக்குக் காபிக்கு டம்ளர் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே ஓவனில் கேக், கிரைண்டரில் அரிசி. நட்சத்திரம் முதல்முறையாக எரிந்தது, பிள்ளைகள் கை தட்டினார்கள், தூறல் விழுந்தது, வீடு முழுவதும் இருண்டது. தாத்தா வேடமிட்டவர் மட்டும் நிறுத்தாமல் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு முகமூடிக்குள் ஏற்கெனவே இருட்டுதான்.

அணைந்தது ஈ.எல்.சி.பி. மின்சாரம் போகிற வழியில் 30 மில்லிஆம்பியர் அளவுக்கு மண்ணில் கசிந்தாலே துண்டித்துவிடும் கருவி. ஓவனும் கிரைண்டரும் சேர்ந்து இழுத்ததால் போய்விட்டது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அதிகம் இழுத்தால் விழுவது எம்.சி.பி., அது அசையாமல் நின்றது. ஆகவே கசிவு, அதுவும் மழை பட்ட இடத்தில். (ஓவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதை 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போர்டு வழியாகச் செருகாதீர்கள், 16 ஆம்பியர் பிளக்குக்கு ஓவனைத் தூக்கிக்கொண்டு போங்கள்.)

கண்டுபிடிக்கும் முறை எளிது. வெளியே இருக்கும் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கி, சுவிட்சை ஏற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டும். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. நட்சத்திரத்தின் வயரைச் செருகியதும் விழுந்தது. அதைக் கீழே இறக்க ஏணி வேண்டியதில்லை, பலா மரக் கொம்பில் பழைய கிணற்றுக் கப்பியை மாட்டி அதன் வழியாகக் கயிறு விட்டிருந்தோம். கூட்டம் உள்ள வீட்டில் மேலே ஏற்றும் எதையும் தரையில் நின்றே இறக்க முடிய வேண்டும்.

உள்ளே பார்த்தால், நீளம் போதாமல் இரண்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, சரியாகத் தண்ணீர் வடியும் பாதையில். ஒட்டில்லாத ஒரே நீள வயராக மாற்றினேன். ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிட்டு, அதன் தலைக்கு மேல் அடிப்பாகம் வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கட்டினேன். வயர் நேராக மேலிருந்து இறங்கினால் மழைத் தண்ணீரும் அதோடு இறங்கி ஹோல்டருக்குள் போகும். வயரை ஹோல்டருக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு மறுபடி மேலேற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பல்பு 9 வாட் எல்.இ.டி. முன்பு 60 வாட் குண்டு பல்பு போட்ட காலத்தில் தாள் பழுப்பேறிக் கருகும். இப்போது அந்தப் பயம் இல்லை.

அதே இரவில் பழைய சீரியல் செட்டும் உயிர்விட்டது. 6 வோல்ட் பல்புகள் நாற்பது வரிசையாக நின்று 230 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் ரகம். ஒன்று போனால் எல்லாம் அணையும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நடுவில் உள்ள பல்பைக் கழற்றி, பிளக்கின் முனையிலிருந்து அந்தக் குழிவரை மல்ட்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தால் எந்தப் பாதியில் பழுது என்று தெரிந்துவிடும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். நாற்பது பல்புக்கு ஐந்தாறு முறை பார்த்தால் போதும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதை மாமா விரும்பினார். அவரிடம் இன்னொரு பழைய செட்டைக் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்தோம். இரவு முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தார்.

இருபத்தைந்து

அக்காள் வீட்டார் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்த் திரும்பும்போது நாங்கள் விடியற்கால ஆராதனைக்கு எழுந்துகொண்டிருப்போம். இரு தரப்பும் குளியலறை வாசலில் சந்தித்து "கிறிஸ்துமஸ் வாழ்த்து" சொல்லிக்கொள்வது வழக்கம். ஆப்ப மாவுக்குச் சர்க்கரை கலந்த தேங்காய்த் தண்ணீரை முந்தின நாளே புளிக்கவைத்துக் கலந்திருந்தோம். மார்கழிக் குளிருக்கு மாவு தூங்கிவிடும் என்பதால் அடுப்பங்கரையை ஒட்டி, சாக்கு போர்த்தி வைத்தார் அம்மா. ஆப்பச் சட்டி மூன்று, கறிச்சட்டி ஒன்று. முதல் பந்தியில் பிள்ளைகள், இரண்டாவதில் ஆலயத்திலிருந்து வந்தவர்கள், மூன்றாவதில் அக்கம்பக்கத்தார். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் மட்டிப்பழமும் போட்ட தட்டுகளைப் பிள்ளைகள் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். போன தட்டு எதுவும் வெறுமையாகத் திரும்பவில்லை.

விருந்து மாலைக்குள் முடிந்தாக வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் அதை ஒட்டிய கொட்டில்பாடும் பல உயிர்களை இழந்தன. அத்தான் வீட்டார் ஒவ்வோர் ஆண்டும் 26 காலையில் நினைவுத் திருப்பலிக்கு அங்கே இருப்பார்கள். ஆகவே எங்கள் வீட்டில் கேக் வெட்டுவது, பரிசு கொடுப்பது, புகைப்படத்துக்கு முப்பத்து நான்கு பேரையும் ஒரே திசையில் பார்க்க வைப்பது எல்லாம் 25 இரவுக்கு முன்பே. கடைசியாகச் சொன்னது இன்றுவரை நடந்ததில்லை.

கழற்றுவது

மூன்று ராஜாக்கள் திருவிழா முடிந்து, ஜனவரி 6க்குப் பிறகு இறக்குவோம். தாளைக் கிழித்தெறிந்து, முட்டுக்குச்சிகளை உருவிவிட்டால் நட்சத்திரம் தட்டையாகிப் பரணில் படுத்துக்கொள்ளும். ரப்பர் பட்டைகளை அடுத்த ஆண்டு புதிதாக வெட்ட வேண்டும், வெயிலில் நைந்திருக்கும். சீரியல் செட்டை அட்டையில் சுற்றி வையுங்கள். பந்தாகச் சுருட்டி வைத்தால் அடுத்த டிசம்பரில் பாதி நாள் சிக்கெடுப்பதில் போகும்.

வளைகுடாவுக்குத் திரும்பிய இன்னோர் அண்ணன் அங்கே இறங்கியதுமே போனில் கூப்பிட்டு, வரும் ஆண்டு ஏழடி நட்சத்திரம் வேண்டும் என்றார். 84 அங்குலப் பத்தை, குறி 32, 20, 32. முட்டுக்குச்சி பதினாறு அங்குலமாவது வேண்டும். பலாக் கொம்பு தாங்கும். ஆனால் அந்த அகலத்துக்குத் தாழ்வாரத்துக் கூரை இடிக்கும். மாமரத்துக்கு மாற்றலாம், அங்கே முசுறு எறும்பு. யார் ஏறிக் கப்பி மாட்டுவது என்பதில் இப்போதே பேச்சு நடக்கிறது.